ஆகஸ்ட் 1: ஜமைக்காவில் இரு விடுதலைகள் ஒன்றான வரலாறு

முன்னுரை

ஜமைக்காவில் ஆகஸ்ட் 1 அடிமைமுறை ஒழிந்த நாள். நாடெங்கும் அரசு விடுமுறை. அன்று சபைகளில் பாவக்கட்டிலிருந்து கிடைக்கும் விடுதலையும் விலங்கிலிருந்து கிடைத்த விடுதலையும் சேர்த்தே பேசப்படுகின்றன. இவ்விரண்டையும் இணைத்தவர்கள் முதன்மையாக மிஷனெரிகள் அல்லர், அடிமைகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கத்தரிக்கப்பட்ட வேதம்

1807-இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென ஒரு வேதாகமத் தொகுப்பு அச்சானது. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய வரலாறு அதில் இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்னும் கலாத்தியர் வசனமும் இல்லை. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் பகுதியோ தப்பியது. ஆன்மா மீட்கப்படலாம், உடல் கரும்புத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதே இந்தக் கத்தரிப்பின் இறையியல்.

ஆனால் சுவிசேஷம் இந்த வழியாக மட்டும் தீவுக்கு வரவில்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஜார்ஜ் லைல், 1780-களிலேயே கிங்ஸ்டனில் பாப்டிஸ்ட் சபையை நிறுவிவிட்டார். இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷனெரிகள் 1814-இல்தான் வந்தனர்.

ஷார்ப் வாசித்த வசனம்

மான்டிகோ பே சபையின் உதவிக்காரர் சாமுவேல் ஷார்ப் ஓர் அடிமை, எழுத்தறிந்தவர். இரண்டு எஜமான்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்தை அவர் தோட்ட முதலாளிக்கு எதிராகத் திருப்பினார். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்று ஜெபக்கூட்டங்களில் உறுதி பெற்றார். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றியது, வேலைநிறுத்தம் கிளர்ச்சியானது. 300-க்கும் மேற்பட்டோர் மரண தண்டனைக்கு உள்ளாயினர். ஷார்ப் 1832 மே 23 அன்று தூக்கிலிடப்பட்டார். இந்தக் கிளர்ச்சியை ‘பாப்டிஸ்ட் போர்’ என்றே வெள்ளையர் அழைத்தனர். சிற்றாலயங்களை இடித்துத் தீயிட்டனர். அரசியலில் தலையிடாதே என்ற கட்டளையோடு வந்த மிஷனெரி வில்லியம் நிப், இதற்குப் பின் இங்கிலாந்து சென்று அடிமைமுறைக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

அடக்க ஆராதனை

1833-இல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு எதுவும் இல்லை. 1834 ஆகஸ்ட் 1-இல் வந்ததும் அரை விடுதலையே. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தவிர மற்றவர்கள் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் பழைய வயலிலேயே நின்றனர். முழு விடுதலை 1838-இல்தான் வந்தது.

அந்த ஆண்டு ஜூலை 31 இரவு ஃபால்மவுத் நகரில் நிப்பின் ஆலயத்தில் மக்கள் கண்விழித்திருந்தனர். சங்கிலி, சாட்டை, இரும்புக் கழுத்து வளையம் மூன்றையும் ஒரு சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தனர். கிறிஸ்தவ அடக்கம் உயிர்த்தெழுதலை எதிர்நோக்குவது. இந்த அடக்கமோ, உள்ளே கிடந்தது ஒருபோதும் எழக் கூடாது என்று நடத்தப்பட்டது. ஆன்மாவின் வழிபாட்டு முறையையே உடலின் விடுதலைக்குச் சாட்சியாக்கிய தருணம் இது.

முடிவுரை

1962-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது ஆகஸ்ட் 1 விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. சுதந்திர நாள் அதன் இடத்தைப் பிடித்தது. 1975-இல் ஷார்ப் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். 1997-இல் ஆகஸ்ட் 1 மீண்டும் விடுமுறையானது. சுதந்திர நாள் கொடி மாறியதை நினைவூட்டுகிறது. ஆகஸ்ட் 1 நினைவூட்டுவது, கத்தரிக்கப்பட்ட வேதத்தை முழுதாக வாசித்தவர்களை.