ஐசிஎஃப்பி நிரலாக்கப் போட்டி

ஃபங்ஷனல் புரோகிராமிங் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கூடும் ஐசிஎஃப்பி என்ற பன்னாட்டு மாநாட்டை ஒட்டி 1998 முதல் நடந்துவரும் இணையவழிப் போட்டி இது. மாநாடு, கணினி அறிஞர்களின் ஏசிஎம் சங்கத்தில் நிரல்மொழிகளுக்கான சிக்பிளான் பிரிவின் கீழ் நடப்பது. லாம்டா கால்குலஸ், டைப் கோட்பாடு என்று கனத்த விஷயங்களை அலசும் சபை. போட்டி அதே ஆட்களின் விளையாட்டு முகம்.

விதிகள் குறைவு. அவகாசம் 72 மணி நேரம். குழுவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், எந்த மொழியிலும் எழுதலாம், கட்டணம் கிடையாது. கடிகாரம் ஓடத் தொடங்கும்போதுதான் கேள்வி வெளியாகும். முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் விடைகளுக்கு ‘மின்னல்’ பிரிவு என்று தனிப் பரிசும் உண்டு.

பரிசுதான் இதன் தனிச்சுவை. ரொக்கம் தந்த ஆண்டுகளிலும் அதற்காக யாரும் மூன்று இரவு கண்விழித்ததாகத் தெரியவில்லை. வென்ற குழு எந்த மொழியில் எழுதியதோ அதுவே விவரமறிந்த ஹேக்கர்கள் தேர்ந்தெடுக்கும் கருவி என்று மாநாட்டு மேடையில் நடுவர்கள் முறைப்படி அறிவிக்க வேண்டும். இரண்டாமிட மொழிக்குப் ‘பல வேலைகளுக்கு ஏற்ற நல்ல கருவி’ என்ற சான்று. மூன்றாவதற்கு ‘அதுவும் ஒன்றும் மோசமில்லை’. நடுவர்கள் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் குழுவுக்கோ மொழிப் பேச்சே இல்லை. ‘படு அட்டகாசமான கூட்டம்’ என்ற பட்டம் மட்டும்.

இந்த விதி முதலாண்டிலேயே மாநாட்டுக்காரர்களைக் கிள்ளியது. பலகையின் ஓரத்திலிருந்து காய்களைத் தள்ளி ஆடும் ‘பூஸ்’ ஆட்டத்துக்கு நிரல் எழுதச் சொன்னார்கள். வென்றதோ அவர்கள் போற்றும் ஃபங்ஷனல் மொழி எதுவுமல்ல, சி மொழியின் மேல் கட்டிய சில்க். பின்னர் ஃபங்ஷனல் மொழிகளான ஒகேமலும் ஹாஸ்கலும் வென்று மானத்தைக் காத்தன. ஆனாலும் 2003இல், கார் பந்தயக் கேள்வியில், சி++ முந்திக்கொண்டது. மொழியின் தரத்தைவிடக் குழுவின் சாமர்த்தியத்தையே இந்த முடிவுகள் காட்டுகின்றன என்பது பார்ப்பவர் எவருக்கும் புரியும். அது புரிந்தும் சான்றிதழை நீட்டி முழக்கி வாசிப்பதில்தான் வேடிக்கை.

கேள்விகள் பெரும்பாலும் கதையோடு வரும். 2004இல் எறும்புக் கூட்டத்துக்கு மூளை எழுதினார்கள். 2016இல் ஒரிகாமி மடித்தார்கள். 2007இல் அடிபட்டுப் பூமியில் விழுந்த எண்டோ என்ற வேற்றுக்கிரகவாசியின் டிஎன்ஏவைத் திருத்த வேண்டியிருந்தது. அதன் நான்கு எழுத்துகள் ஐ, சி, எஃப், பி. டிஎன்ஏவை இயக்கினால் ஆர்என்ஏ பிறக்கும், ஆர்என்ஏ ஒரு படம் வரையும். எதிர்பார்த்த படம் வரும்படி டிஎன்ஏவின் முன்னால் சில எழுத்துகளை ஒட்டுவதே வேலை.

இருந்தாலும் கதைக்கட்டில் 2006ஐ மிஞ்ச ஆளில்லை. அதை நடத்தியது கார்னகி மெலன் பல்கலைக்கழகம். பென்சில்வேனியாவின் மன்ரோவில்லில் வணிக வளாகத்துக்குத் தோண்டும்போது ஒரு பழங்கால வழிபாட்டுக் குழுவின் சுவடிகள் கிடைத்தனவாம்; அவற்றில் மணற்கல் தகடுகளால் இயங்கும் கணினியின் விவரம் இருந்ததாம். 8 ரெஜிஸ்டர், 14 கட்டளை, அவ்வளவே. இதைப் போட்டியாளர் தம் கணினியில் மென்பொருளாக எழுதி, கூடவே தந்த கோப்பை ஊட்டினால், உள்ளே யூமிக்ஸ் என்ற முழு இயங்குதளம் விழித்துக்கொள்ளும். அதற்குள் சாகச விளையாட்டு, ரோமன் எண்களில் எழுதும் பேசிக், பெட்டிகளையும் கம்பிகளையும் எழுத்துக் குறிகளால் வரைந்து நிரல் எழுதும் ‘டூடி’ என்ற மொழி என்று புதிருக்குள் புதிர். ஒன்றை அவிழ்த்தால் கணினி ஒரு குறியீட்டை அச்சிடும். அதை அனுப்பினால் புள்ளி. முதலிடம் பெற்ற ‘டீம் ஸ்மார்ட்டாஸ்’ தன் மொழியாக அறிவித்தது அந்தக் கற்பனை டூடியைத்தான். நடுவர்கள் தாங்களே இட்டுக்கட்டிய மொழியைத் தாங்களே மேடையில் புகழ வேண்டியதாயிற்று.

அந்த மணற்கல் கணினி போட்டியோடு முடிந்துவிடவில்லை. புதுமொழி பழகுவோர் இன்றும் கைப்பழக்கத்துக்கு அதை எழுதிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அது வகுப்புப் பயிற்சியாகவே சேர்ந்துவிட்டது.