பார்படோஸ் பீப்பாய்கள்

1640-களில் கரீபியத் தீவான பார்படோஸில் கரும்பு பெருகியது. சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சிய கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தபோது ரம் கிடைத்தது. கரும்பை வெட்டியவர்களும் பாகைக் காய்ச்சியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ரம்மின் பெருமை பேசும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அத்தீவின் மவுண்ட் கே தோட்டத்தின் 1703-ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே வடிசாலை சொத்தாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

அன்றைய சரக்கு தொண்டையை எரித்தது. நிதானமாக உறிஞ்சிக் குடிக்கும் ரம்மை உருவாக்கியது மரம்தான். போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கையில் காரம் தணிகிறது, வெனிலா மணம் ஏறுகிறது. ஆனால் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. கரீபியனில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. வயதான ரம்மின் விலை ஏறுவது இதனால்தான்.

நிறத்தை நம்பி வாங்க வேண்டாம், அது கேரமலாகவும் இருக்கலாம். சர்க்கரை சேர்த்து மென்மை காட்டும் ரம்களும் உண்டு. பார்படோஸின் ஃபோர்ஸ்கொயர் வடிசாலையின் ரிச்சர்ட் சீல் அந்த வழக்கத்தை வெளிப்படையாக எதிர்ப்பவர். கையைக் கடிக்காமல் தொடங்க, அங்கே தயாராகும் டோர்லிஸ் போதும். உலர்பழ மணம் பிடித்தவர்களுக்கு, ஷெர்ரி பீப்பாயில் முதிர்வை முடிக்கும் டோர்லிஸ் எக்ஸ்ஓ.