பழமை நகரில் தளராத நம்பிக்கை

சமூகத்தில் மாறுதல் வேண்டுமென்று விழைவோரை எதிர்ப்பு சோர்வடையச் செய்வதைவிட, "இந்த ஊர் ஒருநாளும் திருந்தாது" என்னும் எண்ணமே மிகுதியாகச் சோர்வடையச் செய்கிறது. நம் காலனியிலும் அலுவலகத்திலும் இப்பேச்சு அடிக்கடி எழக் கேட்கிறோம். இதற்கு மறுமொழி தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பிழைப்பை நாடி வந்து நாம் வேரூன்றியுள்ள இந்தப் புனே நகரின் வரலாறே தக்க விடையளிக்கின்றது.

புனே 1818 வரை பேஷ்வாக்களின் ஆட்சிக்குட்பட்ட நகரம். சாத்திரமும் ஆசாரமும் கோலோச்சிய இடம். பேஷ்வாக்களின் அரசு மறைந்த பின்னரும் ஆசாரத்தின் அரசு மறையவில்லை. கைம்பெண் மறுமணத்தை 1856-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது, ஊர் அனுமதிக்கவில்லை. மணம் என்றால் இன்னதென்று அறியாத வயதில் கணவனை இழந்த சிறுமியரும், தலை மழிக்கப்பட்டு, ஒரு வேளை உண்டு, வீட்டின் பின்கட்டிலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது.

இந்நகரில்தான் ஜோதிராவ் புலேயும் அவர்தம் துணைவியார் சாவித்ரிபாயும் 1848-இல் பிடே வாடாவில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் சாவித்ரிபாயின்மீது சாணமும் சேறும் வீசினர். அம்மையார் மாற்றுச் சேலையொன்றைக் கையில் எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊராரின் நெருக்குதலால் சொந்த வீட்டைவிட்டே இருவரும் வெளியேற வேண்டியதாயிற்று. ஆயினும் ஊரைவிட்டுச் சென்றாரில்லை. கருவுற்ற கைம்பெண்கள் அஞ்சாது வந்து மகப்பேறு காண்பதற்கென 1863-இல் தம் இல்லத்திலேயே புகலிடம் அமைத்தனர். 1897-இல் பிளேக் நோயாளருக்குப் பணிவிடை செய்கையில் அந்நோயாலேயே சாவித்ரிபாய் உயிர் நீத்தார்.

அடுத்து வந்தோர் பட்ட பாடும் சிறிதன்று. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, கைம்பெண் மறுமணத்திற்காகப் பரிந்து பேசியவர். எனினும் 1873-இல் முதல் மனைவி இறந்தபோது, தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பதினொரு வயதுச் சிறுமியையே மணந்தார். கொள்கைக்கு இது பெருந்தோல்வி என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிறுமிக்கு அவர் கல்வி புகட்டினார். அவரே பிற்காலத்தில் பெண்களுக்காகப் புனே சேவா சதனத்தை நிறுவிய ரமாபாய் ரானடே. தோல்வியினுள்ளும் ஒரு விதை கிடந்ததை இங்குக் காண்கிறோம்.

கோபால் கணேஷ் அகர்கரோ சற்றும் வளையாதவர். 1888-இல் 'சுதாரக்' என்னும் இதழைத் தொடங்கிப் பால்ய விவாகத்தையும் மூட வழக்கங்களையும் சாடினார். வைதீகர் வெகுண்டனர். அவர் உயிரோடிருக்கும்போதே உருவ பொம்மையைப் பாடையிலேற்றிச் சவ ஊர்வலம் நடத்தினர். பெர்குசன் கல்லூரியின் முதல்வராயிருந்த அவர், 1895 ஜூன் மாதம் 38 வயதிலேயே காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை புனேயில் கூடியது. அதன் பந்தலில் ரானடேயின் சமூக மாநாடு வழக்கம்போல் நடைபெறக் கூடாதென்று பெருங்கிளர்ச்சி எழவே, அவர் அம்மாநாட்டை வேறிடத்தில் நடத்த நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் புனேயைப் பார்த்த எவரும், சீர்திருத்தத்தின் கதை முடிந்தது என்றே எண்ணியிருப்பர்.

ஆனால் மறு ஆண்டிலேயே, 1896-இல், பெர்குசன் கல்லூரியின் கணித ஆசிரியர் ஒருவர் கைம்பெண்களுக்கென ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார். அவரே தோண்டோ கேசவ் கார்வே. புனேக்கு முதன்முதல் இருப்புப்பாதை வந்து சேர்ந்த 1858-ஆம் ஆண்டே அவர் பிறந்த ஆண்டுமாகும். ரயில்வேக் குடும்பத்தினராகிய நமக்கு இவ்வொற்றுமை மகிழ்ச்சி தருவதே!

கார்வேயின் முதல் மனைவி 1891-இல் மறைந்தார். மறுமணம் செய்வதாயின் ஒரு கைம்பெண்ணையே மணப்பதென உறுதி பூண்டு, 1893-இல் கோதுபாய் என்பாரை மணந்தார். பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் பயின்ற இவ்வம்மையார், மணத்திற்குப் பின் ஆனந்திபாய் எனப்பட்டார். கார்வேயின் ஊர் கொங்கணக் கரையிலுள்ள முருட். அவ்வூரின் நலனுக்கென நிதி திரட்டி உழைத்தவர் அவர். அவ்வூராரே கூட்டம் கூடி, அவரைத் தள்ளிவைப்பதென்றும், அவரை வீட்டில் சேர்ப்பின் குடும்பத்தாரும் விலக்கப்படுவரென்றும் தீர்மானித்தனர். ஈன்ற தாயின் இல்லத்திலும் அவருக்கு இடமில்லாது போயிற்று.

கார்வே எவரையும் வைது பேசினாரல்லர். மறுமணம் என்றவுடன் அஞ்சி ஓடுவோரும், கல்வி என்றால் சிறிது செவி சாய்ப்பர் என்பதை உணர்ந்தார். எனவே ஆசிரமத்தில் மறுமணப் பிரசாரத்தை வைத்துக்கொள்ளாது, கல்வியையே முதன்மையாக்கினார். கொள்கையை விட்டுவிட்டார் என்பது இதன் பொருளன்று. ஊரார் ஏறக்கூடிய படியை முதலில் அமைத்தார் என்பதே பொருள். 1900-இல் ஆசிரமம் நகருக்கு வெளியே ஹிங்கணேக்கு மாறியது. கல்லூரிப் பணி முடிந்ததும் சுமார் 4 மைல் நடந்தே அங்குச் செல்வார். தமது 5,000 ரூபாய் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தையும் ஆசிரமத்திற்கே எழுதிக் கொடுத்தார்.

இவ்வரலாறு கார்வே ஒருவருடையது மட்டுமன்று. ஆனந்திபாயின் உடன்பிறந்தவராகிய பார்வதிபாய் அதவலேயும் இளமையில் கணவனை இழந்தவர். ஆசிரமத்தில் வயது கடந்து எழுதப் படிக்கக் கற்று, பின்னர் அதற்காக ஊர் ஊராய்ச் சென்று நன்கொடை திரட்டினார். ஆங்கிலம் அதிகம் அறியாமலே அமெரிக்காவுக்கும் சென்று வந்தார். எவரைக் காப்பாற்ற வேண்டுமென்று பிறர் எண்ணினரோ, அவரே அந்நிறுவனத்தைத் தாங்கும் தூணாயினார்.

1916-இல் கார்வே பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் கண்டபோது, மாணவியர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 1920-இல் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்ச ரூபாய் நன்கொடை அறிவித்தார். 1958-இல், நூறாண்டு நிறைந்த கார்வேக்கு நாடு பாரத ரத்னா விருதளித்தது. 1962-இல் 104-ஆம் வயதில் அவர் மறைந்தார். அகர்கருக்கு 38 ஆண்டுகளும் கார்வேக்கு 104 ஆண்டுகளும் கிடைத்தன. பயனைக் கண்ணாற் காண்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் அகர்கர் உழுத நிலத்தில்தான் கார்வே விதைத்தார் என்பதை மறத்தலாகாது.

கர்ஜத்திலிருந்து லோனாவளாவுக்கு வண்டி மலையேறுவதை நாம் அறிவோம். பின்னால் எஞ்சின்களைப் பூட்டித் தள்ளுவர். வேகம் குறைவு, ஆயினும் வண்டி ஏறிக்கொண்டேயிருக்கும். பின்னின்று தள்ளும் எஞ்சின்களை லோனாவளாவில் கழற்றிவிடுவர். அவை புனே வரை வருவதில்லை. சீர்திருத்தக்காரர் பலரின் நிலையும் இத்தகையதே.

சாவித்ரிபாயின்மீது சாணம் வீசிய நகரின் பல்கலைக்கழகம் 2014 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2022 மே மாதம், கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமத்தில் ஊர்சபை கூடி, கணவன் இறந்தால் மனைவியின் வளையலை உடைப்பதும், தாலியைக் களைவதும், குங்குமத்தை அழிப்பதும் கூடாதென்று தீர்மானித்தது. ஏனைய ஊராட்சிகளும் இதனைப் பின்பற்றுமாறு மாநில அரசு சுற்றறிக்கை விடுத்தது. முருட் ஊரார் கூடியதும் ஒரு தீர்மானத்திற்கே. ஹேர்வாட் ஊரார் கூடியதும் ஒரு தீர்மானத்திற்கே. இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய 130 ஆண்டுகள் கடந்தன. அவ்வளவு காலம் ஆயிற்றே என்று வருந்தவும் இடமுண்டு. ஊர்கள் மாறக்கூடியன என்று தேறவும் இடமுண்டு.

மராட்டியரின் வரலாறு நமக்கெதற்கு என்று சங்க அன்பர் எவரேனும் வினவக்கூடும். நவராத்திரிக் கொலுவின்போது நம் இல்லங்களில் நிகழ்வதை எண்ணிப் பார்ப்போமாக. குங்குமச் சிமிழும் வெற்றிலை பாக்குத் தட்டும் கூடத்திற்கு வருகையில், கணவனை இழந்த அன்னையர் உள்ளறைக்குள் ஒதுங்குகின்றனர். நம்மைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்களே அன்றோ? அவர்களைக் கூடத்தில் அமர்த்தி முதல் தாம்பூலத்தை அவர்கள் கையில் கொடுக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை, பெருநிதியும் தேவையில்லை. முதலில் ஓரிரு வீடுகளே முன்வரலாம், சிலர் முணுமுணுக்கலாம். ஐந்தாறு ஆண்டுகளில் அதுவே இக்காலனியின் வழக்கமாகிவிடும் என்பது நமது உறுதியான நம்பிக்கை.