வடபழனி மாடும் எங்க ஊர் மக்காச்சோளமும்

போன மாசம் வடபழனியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். முருகன் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா சோளக்கதிர் சுட்டு வித்துக்கிட்டிருந்தாங்க. உரிச்சுப் போட்ட தோகையை ரெண்டு மாடு ருசிச்சுத் தின்னுச்சு. "தாத்தா, மாட்டுக்குன்னு தனியா சோளம் இருக்கா?"ன்னு பேரன் கேட்டான். இருக்குப்பா. அதுக்கு ஒரு சரித்திரமே இருக்கு.

எங்க பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண், வானம் பார்த்த பூமி. அப்பா காலத்தில் மாட்டுக்கு நாட்டுச் சோளத்தட்டுதான். காயவெச்சுப் போர் போட்டா கோடை முழுக்கத் தாங்கும். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். 1957-ல் நம்ம நாட்டில் அதுக்கு ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1961-ல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்று முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. எல்லாம் தானியத்துக்காக. நாமக்கல் கோழிப்பண்ணைகள் பெருகப் பெருக, எங்க காட்டிலும் பருத்திக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் வந்து உட்கார்ந்தது.

பச்சைத் தீவனத்தை நறுக்கி, காத்துப் புகாம அமுக்கிப் புளிக்கவைக்கிறதுதான் சைலேஜ், ஊறுகாய்ப்புல்னும் சொல்வாங்க. பிரான்ஸ் நாட்டு விவசாயி ஓகுஸ்த் கோஃபார் 1877-லேயே மக்காச்சோள சைலேஜுக்குன்னு புத்தகம் போட்டுட்டார்.

நான் முதல்ல விதைச்சது ஆப்பிரிக்கன் டால். ஆள் உயரத்தைத் தாண்டி இலையும் தண்டுமா நிக்கும். அந்த உயரத்தைப் பார்த்து ஏமாந்தேன். அது நாள் அதிகம் எடுக்கும், தண்ணியும் கேட்கும். அந்த வருஷம் பூக்கிற நேரத்தில் மழை பொய்ச்சது. மேல கொண்டை பூத்து மகரந்தம் உதிர்ந்த பிறகுதான் கதிர் நுனியில் பட்டு இழை எட்டிப் பார்த்தது. மணி பிடிக்கலை. மணி இல்லாட்டி சைலேஜில் மாவுச்சத்து ஏது? பால் குறைஞ்சது. கோடையில் ஒரு கறவையை வித்தேன்.

இப்ப என் கணக்கே வேற. உயரத்தைப் பார்க்கிறதில்லை. வறட்சி வர்றதுக்குள்ள கதிர் முத்துற குறுகிய வயசு ரகமா, கதிர் நிறைய மணி பிடிக்குமான்னு பார்க்கிறேன். மணியில் பாதி மாவு, பாதி பால் இருக்கும்போது அறுவடை. அப்ப செடியில் உலர்பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்கும்.

தண்ணியே எட்டாத மேட்டுக்காட்டில் அப்பாவோட சோளம்தான். காஞ்சா இலையைச் சுருட்டிக்கிட்டுக் காத்திருக்கும், மழை பெஞ்சதும் துளிர்க்கும். ஆனா வாடின இளஞ்சோளத்தில் நஞ்சு இருக்கும்; பூத்த பிறகுதான் மாட்டுக்குக் காட்டணும்.

பேரன் கையில பால் பாக்கெட் இருந்தது. இத்தனையையும் கேட்டுட்டு, "வித்த மாடு இப்ப எங்க தாத்தா?"ன்னான். அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை.