முதன்முதலா பிளாக் தொடங்கப் போறீங்களா? பேக்கப் எடுக்க மறக்காதீங்க!

சொந்தமாக வலைப்பூ தொடங்க காசு தேவையில்லை. ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதும்.

எப்படி தொடங்குவது?
பிளாகர் தளத்தில் உள்நுழைந்து, தலைப்பும் முகவரியும் கொடுத்தால் வலைப்பூ ரெடி. முகவரியின் கடைசியில் 'பிளாக்ஸ்பாட்.காம்' என்று வரும். 1999-ல் தொடங்கிய பிளாகரை 2003-ல் கூகுள் வாங்கியது.

பேக்கப் எதுக்கு?
எழுத்து நம்முடையது, இடம் நம்முடையது இல்ல. ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் வைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்' தளத்தை, 2009-ல் அமெரிக்காவில் யாகூ மூடியது. நகல் எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் கைவிட்டுப் போயின.

என்ன செய்யணும்?
பிளாகர் செட்டிங்ஸில் பேக்கப் வசதி இருக்கு. அதில் பதிவுகளும் கமெண்ட்டுகளும் ஒரே ஃபைலாக டவுன்லோடு ஆகும். போட்டோக்களை மட்டும் தனியா சேமிச்சு வையுங்க. மாசம் ஒருமுறை செய்தால், தளமே மூடினாலும் எழுதியது உங்க கையில் இருக்கும்.