பல் இடுக்குல சிக்கினதை எடுக்க குச்சியா, நூலா, பிரஷ்ஷா? உங்க பல்லுக்கு எது சரி?

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு. சாப்பிட்டு கை கழுவின கொஞ்ச நேரத்துல நாக்கு ஒரே இடத்தைத் துழாவ ஆரம்பிச்சிடும். கடைவாய்ப் பல் இடுக்குல ஒரு நார்! அதை எடுக்க நம்ம வீடுகள்ல கைக்குக் கிடைக்கிற ஆயுதங்களைப் பாருங்க: விளக்குமாத்துல உருவின ஈர்க்குச்சி, தீக்குச்சி, குண்டூசி, தாலிச் சங்கிலியில தொங்குற ஊக்கு. ஒண்ணும் கிடைக்கலைன்னா பஸ் டிக்கெட்டை மடிச்சு விடுறவங்களும் உண்டு.

நார் வந்ததும் கிடைக்கிற நிம்மதி உண்மைதான். ஆனா பல்லைக் கெடுக்கிறது கண்ணுக்குத் தெரியுற அந்த நார் இல்லை. அதே இடுக்குல, நாக்குக்கும் தட்டுப்படாம ஒட்டிக்கிட்டு இருக்கிற கிருமிப் படலம்தான். பிளேக் என்று சொல்லப்படும் இந்தப் படலத்தை எடுக்க எந்தக் கருவி சரி என்பதைப் பார்க்கலாம்.

பிரஷ் தொடாத பக்கங்கள்

ஒரு கடைவாய்ப் பல்லுக்கு 5 பக்கங்கள். கன்னத்தைப் பார்த்த பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம், மெல்லும் பக்கம் என மூன்றை பிரஷ் தேய்த்துவிடும். பக்கத்துப் பல்லோடு ஒட்டியிருக்கும் மீதி இரண்டு பக்கங்களுக்குள் பிரஷ்ஷின் நார்கள் சரியாகப் போவதில்லை. பத்து நிமிஷம் தேய்ச்சாலும் இதே கதைதான்.

அங்கே தங்கும் படலம் நாளாக நாளாக காரையாக இறுகிவிடும். அதுக்கப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் நூலுக்கும் அசையாது. பல் மருத்துவர்தான் எடுக்கணும். ஈறு வீங்கும், தேய்க்கும்போது ரத்தம் கசியும். இந்தக் கட்டத்துல கவனிச்சா ஈறு பழைய நிலைக்குத் திரும்பிடும். கவனிக்காம விட்டா பல்லைத் தாங்குற எலும்பு கரைய ஆரம்பிக்கும். கரைஞ்ச எலும்பு தானா வளராது. சர்க்கரை நோய் இருக்கிறவங்க இதுல கூடுதலா உஷாரா இருக்கணும். சர்க்கரை கட்டுக்குள் இல்லைன்னா ஈறு நோய் வேகமா முத்தும். ஈறு நோய் முத்தினா சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறதும் கஷ்டமாகும்.

ஊக்கும் குண்டூசியும் வேண்டவே வேண்டாம்

உலோக முனை ஈறைக் கிழிக்கும், அழுக்கு முனையா இருந்தா காயத்துல சீழ் வைக்கும். மரப் பல்குத்தி அந்த அளவுக்கு மோசம் இல்லை. ஹோட்டல் மேஜையில சோம்புக்குப் பக்கத்துல இருக்கிறதை எடுத்து, மேலோட்டமா ஒரு நாரைத் தள்ளி விடுறதுல தப்பில்லை. ஆனா அது உருண்டையான குச்சி. பல்லின் பக்கச் சுவரைத் துடைக்காது. தினமும் அழுத்திக் குத்தினா ஈறு நைஞ்சு போகும். வாயில குச்சியைக் கடிச்சுக்கிட்டே பேசுற பழக்கம் இருந்தா இன்னொரு விஷயம்: அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் 1941-ல் இறந்ததே, தெரியாமல் விழுங்கிய ஒரு பல்குத்தி குடலைத் துளைத்ததால்தான்.

இடுக்கு நெருக்கமா? அப்போ ஃப்ளாஸ்

பற்கள் நெருக்கமா, ஈறு நல்லபடியா இடுக்கை நிரப்பி நிற்கும் வாய்க்கு ஏற்றது ஃப்ளாஸ் எனப்படும் பல் நூல். இது நேற்று வந்த ஃபேஷன் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி, மெழுகு பூசிய பட்டு நூலால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லி 1819-லேயே புத்தகம் எழுதியிருக்கிறார். இப்போது கிடைப்பது பெரும்பாலும் நைலான் போன்ற செயற்கை நூல். நெருக்கமான பல்லுக்கு மெழுகு பூசினது வழுக்கிக்கிட்டு உள்ளே போகும். தையல் நூல் இதுக்கு மாற்று இல்லை. பாதியில அறுந்து உள்ளேயே மாட்டிக்கும்.

சுமார் 45 செ.மீ. நூலை எடுத்து இரண்டு நடுவிரல்லயும் சுத்திக்கோங்க. மெதுவா முன்னும் பின்னும் அசைச்சு உள்ளே இறக்குங்க. 'டப்'னு அழுத்தி இறக்கினா ஈறை வெட்டிடும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லோட சுவரைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி வளைச்சு, மேலும் கீழுமா சில தடவை தேய்ங்க. அப்புறம் அதே இடுக்குல பக்கத்துப் பல்லுக்கும் அதே மாதிரி. பலரும் நூலை உள்ளே விட்டு உடனே வெளியே இழுத்துடுறாங்க. அப்படிச் செஞ்சா நார் மட்டும்தான் வரும், படலம் அங்கேயே இருக்கும். விரல்ல சுத்த வராதவங்களுக்கு கைப்பிடி வச்ச ஃப்ளாஸ் பிக் இருக்கு. வளைச்சுப் பிடிக்கிறது கொஞ்சம் கஷ்டம், ஆனா ஒண்ணுமே செய்யாததுக்கு இது எவ்வளவோ மேல்.

இடைவெளி இருக்கா? குட்டி பிரஷ்ஷைத் தேடுங்க

வயசாக ஆக ஈறு இறங்கி, பல்லுக்கு நடுவுல முக்கோணமா ஒரு சந்து தெரியும். அங்க நூலுக்கு வேலை குறைவு. மெல்லிய கம்பியைச் சுத்தி நார் வச்ச இன்டர்டென்டல் பிரஷ்தான் அதுக்குச் சரி. பாட்டில் கழுவுற பிரஷ்ஷோட குட்டித் தம்பி மாதிரி இருக்கும். பெரிய மருந்துக் கடைகள்லயும் ஆன்லைன்லயும் கிடைக்குது.

இதுல எல்லாமே அளவுதான். கம்பி பல்லுல உரசாம உள்ளே போகணும், நார் மட்டும் இரண்டு பக்கமும் தொட்டுக்கிட்டு லேசா இறுக்கமா இருக்கணும். தொளதொளன்னு போனா சுத்தமாகாது. திணிச்சா ஈறு கிழியும். உள்ளே போற ஓட்டையின் அளவை வச்சு எண் கொடுக்க ஐஎஸ்ஓ 16409 என்ற சர்வதேசத் தர அளவு இருக்கு. ஆனா நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியோட சிவப்பும் இன்னொண்ணோட சிவப்பும் ஒரே அளவுன்னு நம்பி வாங்காதீங்க. ஒரே வாயில முன்பல்லுக்கு ஒரு அளவு, கடைவாய்க்கு வேற அளவு தேவைப்படுறது சகஜம். முதல் தடவை பல் மருத்துவரை அளவு பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, இல்லைன்னா பல அளவு கலந்த பாக்கெட் வாங்கி, சின்னதுல இருந்து ஆரம்பிங்க. பேஸ்ட் தேவையில்லை. நார் கலைஞ்சாலோ கம்பி வளைஞ்சாலோ தூக்கிப் போட்டுடுங்க.

'ஃப்ளாஸ் வேஸ்ட்' என்று சொன்னார்களே?

2016-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், ஃப்ளாஸுக்கு ஆதரவான ஆய்வுகள் பலவீனமானவை என்று வெளியிட்ட செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆதாரம் பலவீனம் என்பதும் பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல. 2019-ல் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் பிரஷ்ஷைவிட, கூடவே ஃப்ளாஸோ இன்டர்டென்டல் பிரஷ்ஷோ பயன்படுத்தினால் ஈறு வீக்கம் குறையலாம், இரண்டில் குட்டி பிரஷ் கூடுதல் பலன் தரலாம் என்பது அதன் முடிவு. ஆதாரத்தின் உறுதி குறைவுதான் என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது. அதனால குட்டி பிரஷ் நுழையுற இடத்துல அதுதான் முதல் சாய்ஸ், நுழையாத இடத்துல நூல்.

கிளிப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் போட்டிருந்தால்?

தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் வாட்டர் ஃப்ளாஸர் இவர்களுக்குக் கை கொடுக்கும். கை நடுக்கம் இருக்கிற பெரியவங்களுக்கும் வசதி. மத்தவங்க விளம்பரத்தைப் பார்த்து இதுக்குச் செலவு பண்ணணும்னு கட்டாயம் இல்லை. பிரிட்ஜுக்கு அடியில நூலை நுழைக்க முனை விறைப்பான தனி ஃப்ளாஸ் இருக்கு. கேட்டு வாங்குங்க.

ரத்தம் வந்தா பயந்து நிறுத்திடாதீங்க

ஆரம்பிச்ச முதல் சில நாள் ரத்தம் வரும். ஏற்கெனவே வீங்கியிருக்கிற ஈறுதான் அதுக்குக் காரணம். தினமும் மென்மையா செஞ்சா ஒண்ணு இரண்டு வாரத்துல குறையணும். குறையலைன்னா டாக்டரைப் பாருங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க ஆரம்பத்திலேயே கேட்டுடுங்க. 'இதையெல்லாம் விட்டா பல் சந்து பெருசாயிடும்'னு ஒரு பேச்சு உண்டு. வீங்கின ஈறு வத்தும்போது, அது மறைச்சு வச்சிருந்த சந்து வெளியே தெரியுது, அவ்வளவுதான்.

பிரஷ் பண்ணுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? எப்படியும் செய்யலாம். ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போதும்.

இன்னொண்ணு. முருங்கைக்காய் நாரோ மாம்பழ நாரோ, எப்பவும் அந்த ஒரே இடுக்குல மட்டும் சிக்குதா? நூல் விடும்போது அந்த இடத்துல மட்டும் பிசிறு பிசிறா கிழியுதா? அங்க சொத்தை இருக்கலாம், பழைய அடைப்போட ஓரம் உடைஞ்சிருக்கலாம். இதுக்குக் கருவியை மாத்திப் பிரயோஜனம் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலயே பல் பிரிவு இருக்கு, போய் அந்த இடத்தைக் காட்டிடுங்க.