பட்டினி கிடக்கும் மூளை: டீன் ஏஜில் உணவை ஒதுக்கினால் என்ன ஆகும்?

'தங்கச்சி டயட்ல இருக்கா, விடுங்க' என்று வீட்டில் சொன்னால், நீங்களும் சரின்னு விட்டுடுவீங்களா?

2025 மார்ச்சில் கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது இளம்பெண் ஒருவர் தலசேரியில் உயிரிழந்தார். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பல மாதங்களாக உணவைக் குறைத்து வந்திருந்தார். அவருக்கு 'அனோரெக்சியா நெர்வோசா' இருந்திருக்கலாம் என மருத்துவர்கள் கூறினர். இது பிடிவாதம் அல்ல, உண்ணுதல் கோளாறு என்ற மனநோய். உடல் மெலிவது கண்ணுக்குத் தெரியும். மூளைக்கு நடப்பது தெரியாது.

மூளைக்கு என்ன நடக்கிறது?

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2% தான். ஆனால், ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20% அதற்கே போகிறது. நிதானமாக முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி, 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. கட்டடம் பாதியில் நிற்கும்போது சிமெண்ட் வரத்து நின்றுபோவது மாதிரிதான் டீன் ஏஜ் பட்டினி.

2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று 1,648 பெண்களின் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டது. அவர்களில் 685 பேருக்கு அனோரெக்சியா இருந்தது. அவர்களுடைய மூளையின் மேலுறை மெலிந்திருந்தது. மனச்சோர்வு போன்ற பிற பாதிப்புகளில் காணப்படும் மாற்றத்தைவிட இது 2 முதல் 4 மடங்கு அதிகம்.

நல்ல செய்தியும் உண்டு: எடை திரும்பத் தொடங்கியவர்களிடம் இந்த இழப்பு குறைவாக இருந்தது.

'சாப்பிடு'ன்னு சொன்னா ஏன் கேட்பதில்லை?

பட்டினியே சிந்தனையை மாற்றிவிடுகிறது. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு, எரிச்சல், சோர்வு, நண்பர்களிடமிருந்து விலகல் என்று அவர்கள் மாறிப்போனார்கள். அதனால் அறிவுரை மட்டும் போதாது. இந்த நோய்க்கு உணவும் ஒரு மருந்து.

எதைக் கவனிக்க வேண்டும்?

* 'சாப்பிட்டாச்சு' என்று அடிக்கடி தட்டிக்கழிப்பது, உணவை ஒளித்து வைப்பது
* சாப்பிட்ட உடனே கழிவறைக்குப் போவது
* மாதவிடாய் நின்றுபோவது, தலைசுற்றல், எப்போதும் குளிருவது
* உடம்பு முடியாதபோதும் உடற்பயிற்சியை விடாதது

ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். பார்க்க ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து தினமும் டெக்னோபார்க்குக்கு ஓடுபவராக இருக்கலாம். வீட்டில் தங்கை தட்டை ஒதுக்குவது உங்கள் கண்ணில் படாமலே போகலாம். ஒரு வேளையாவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். 'குண்டாயிட்ட', 'இளைச்சு அழகாயிட்ட' ரெண்டுமே வேண்டாம்.

பல நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக நிறைய ஊட்டக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் அளவில்தான் தொடங்க வேண்டும்.

ஆரியசாலையில் இருப்பவர்கள் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். நாடு முழுவதும் 'டெலி மானஸ்' 14416, கேரளாவில் 'திசா' 1056 எண்களில் பேசலாம். மயக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.